பேகம்பேட்டில் ஓர் அண்ணன்

அறுபத்திரண்டு வயதில் மருமகளின் லிப்ஸ்டிக்கைத் திருடிப் பூசிக்கொண்டவள் நான். சொல்லவே நாக்கூசுகிறது. மகனும் மருமகளும் மாதாப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியதும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். வீட்டில்தான் யாருமில்லையே, தாழ்ப்பாள் எதற்கு? அப்படியொரு பயம்.

கணவர் போய் எட்டு வருஷம். லிப்ஸ்டிக் யாருக்காக என்றால், திருமுல்கேரி மைதானத்தில் காலை நடையில் பழக்கமான ஒருவருக்காக. ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்ற தமிழர், மனைவியை இழந்தவர். நான் அவருக்கு 'மேடம்', அவர் எனக்கு 'சார்'. ஆறு மாதம் இப்படியே நடந்தோம். பிறகு ஒருநாள், பேகம்பேட்டில் டீ சாப்பிடலாமா என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குதித்தது. "பாக்கலாம் சார், வேலை இருக்கு" என்றேன். என்ன வேலை, மண்ணாங்கட்டி!

தெலுங்கும் இந்தியும் பேசும் இந்த ஊரில் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் பேசுவது யாருக்கும் புரியாது என்ற தைரியம். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே சத்தமாகப் பேசுவோம். மறுநாளே லிப்ஸ்டிக்கோடு போய் அவரெதிரில் உட்கார்ந்த டீக்கடையிலும் அதே தைரியம்தான்.

"இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கீங்க மேடம்."

"போங்க சார், கிழவியப் போய்..."

"சத்தியமா. உங்க கையப் பிடிச்சுக்கணும்போல இருக்கு."

"பிடிச்சுக்கோங்களேன். இங்க யாருக்குப் புரியப்போவுது?"

பிடித்தார். சூடான, சொரசொரப்பான கை. உடம்பெல்லாம் என்னவோ செய்தது. இந்த உடம்பு இன்னும் செத்துப்போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த மேசையில் அதுவரை போனில் தெலுங்கு பேசிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். "நீங்களும் தமிழா ஆன்ட்டி? எங்களுக்கு வேலூர்ப் பக்கம்" என்றாள். கேலியே இல்லாத சிரிப்பு. அவரைக் காட்டி, "இவங்கதான் உங்க வீட்டுக்காரரா?" என்றாள்.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். "சேச்சே, இல்லம்மா. என் அண்ணன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஓகே ஆன்ட்டி" என்று நகர்ந்துவிட்டாள். கையைப் பிடிக்கச் சொன்னதைக் காதால் கேட்டவளிடம் போய் அண்ணன் என்கிறேன்! மானம் கப்பலேறிப் போயிற்று. தெரிந்தவர் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த நேரத்தில்கூட அவள் என்ன நினைப்பாள் என்றுதான் வெட்கப்பட்டேனே தவிர, எதிரில் இருந்தவரை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். குனிந்து டிரைவரிடம், "மேரி பஹன் ஹை பாய், ஜரா சம்பால்கே லேஜாவ்" என்றார்.

என் தங்கச்சி, பார்த்துக் கூட்டிப்போ. குரலில் கோபமே இல்லை. தங்கச்சி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஹவ் சாப்" என்று தலையாட்டி டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.