சேந்தமங்கலத்து வயர்லெஸ் பேசாமல் போன நாள்

இன்றைக்கு இந்த ரேடியோ ரிப்பேர் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "பழைய டூ-வே செட். நல்லா கேக்குது. பேசினா மட்டும் போகல. எங்க தேடுறது?"

முதலில் மைக்கைப் பாருங்கள் நண்பரே. அதிலும் வாய்ப்பகுதியை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

(எனக்குத் தொண்ணூற்றாறு வயது. பேரன் மனைவிதான் பிழை திருத்துகிறாள். மிச்சப் பிழைகள் என்னுடையவை.)

நாற்பதுகளின் கடைசி. போரில் மிஞ்சிய பட்டாள வயர்லெஸ் ஒன்றை, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். இயக்குபவன் நான். அயோத்தியாப்பட்டணத்துப் பையன், பி.எஸ்சி. படித்தவன், எதையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகும் நம்பாதவன்.

காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். கருப்பண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் காலரா. ஓலைக்கொட்டகையில் நோயாளிகள் கிடந்தார்கள். கருப்பண்ணனின் மனைவியும் அங்கேதான் கிடந்தாள்.

சேலத்தில் நோயாளிகளுக்கு ஏற்றும் உப்புநீர் பாட்டில்கள் லாரியில் ஏறித் தயாராக இருந்தன. ஆனால் பேளுக்குறிச்சி வழியில் இருந்த தரைப்பாலத்தை இரவு மழை அடித்துப் போயிருந்தது. லாரி அந்த வழியாகத்தான் வரும். அதைச் சேலத்துக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் ஹெட்போனை மாட்டினேன். சேலத்து ஆபரேட்டரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சேந்தமங்கலம், ரோடு எப்படி இருக்கு? சொல்லுங்க. ஓவர்."

சொன்னேன்.

"சேந்தமங்கலம், கேக்குதா? ஓவர்."

மறுபடி சொன்னேன். கத்தினேன். நான் கத்தக்கூடிய ஆள் இல்லை!

பதில் இல்லாததால் சேலம் காத்திருந்தது. லாரியும் காத்திருந்தது.

பேட்டரியைப் பார்த்தேன். சரி. ஏரியல் கம்பியைப் பார்த்தேன். சரி. வால்வுகளைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. என்மேல் இருந்த சந்தேகத்தில் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பொழுது ஏறிக்கொண்டே போனது.

கருப்பண்ணன் கொட்டகைக்கும் அறைக்குமாக நடந்தார்.

"ஏனுங்க சாமி, பேசுதுங்களா?"

"இல்லண்ணே. அவங்க பேசுறது வருது. நாம பேசுறது போகல."

"காது கேட்டும், ஊமையாப் போச்சுங்களா?"

மைக்கின் பட்டனை அமுக்கி மீட்டரைப் பார்த்தேன். முள் ஏறியது. பேசினேன். ஏறிய முள் அப்படியே நின்றது. குரலுக்கு அது இலேசாகத் துள்ள வேண்டும்.

அப்போதுதான் புரிந்தது. அலை போகிறது. குரல்தான் அதில் ஏறவில்லை. சேலத்துக்கு அதுவாவது தெரியட்டும் என்று, பேசாமல் பட்டனை மட்டும் விட்டு விட்டு அமுக்கினேன்.

ஹெட்போனில் சேலத்துக் குரல் வந்தது.

"சேந்தமங்கலம், நீங்க பட்டன் அமுக்குறது தெரியுது. இரைச்சல் அடங்கி அடங்கி வருது. நான் கேக்குறேன். ஆமான்னா ஒரு தரம், இல்லன்னா ரெண்டு தரம். ஓவர்."

அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

"பேளுக்குறிச்சி வழியா வரலாமா?"

இரண்டு தரம்.

"நாமக்கல் சுத்தி வரட்டுமா?"

ஒரே ஒரு தரம் அமுக்க வேண்டும். என் விரல் நடுங்கியது. நடுக்கத்தில் ஒன்று இரண்டாகிவிட்டால் 'ஆமாம்' என்பது 'இல்லை' ஆகிவிடும். பக்கத்தில் நின்ற கருப்பண்ணனிடம், "ஒரே தரம்தாண்ணே அமுக்கணும்" என்றேன்; விரலை வைக்கவே பயம்.

கருப்பண்ணன் தன் உள்ளங்கையை என் கைமேல் வைத்து அழுத்தினார்.

"புடிச்சுட்டேனுங்க. இப்ப உடுங்க சாமி."

ஒரு தரம் போனது.

"சரி, நாமக்கல் வழி. எத்தனை பேரு? ஆளுக்கு ஒரு அமுக்கு."

எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது; கேட்டேன். கருப்பண்ணன் கொட்டகையில் கிடந்தவர்களை வரிசையாகச் சொன்னார், பெயருக்கு ஒன்றாக நான் அமுக்கினேன். பண்ணையத்து ஆட்கள், வண்டிக்காரர், ஒரு கைக்குழந்தை. முடித்துவிட்டார் என்று கையை எடுத்தேன்.

"இன்னொண்ணுங்க."

"யாருண்ணே?"

"நம்ம ஊட்லீங்க."

அமுக்கினேன்.

லாரி பிற்பகலில் நாமக்கல் சுற்றி வந்து சேர்ந்தது. பலர் பிழைத்தார்கள். அந்தக் கைக்குழந்தையும் பிழைத்தது.

கருப்பண்ணனின் மனைவி, லாரி வருவதற்குச் சற்று முன்னால் போய்விட்டாள்.

நான் தனியாக உட்கார்ந்து மைக்கைத் திறந்தேன். மழை ஈரம் படாமலிருக்க அதன் வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தேன். துணியை அவிழ்த்தால், உள்ளே கெட்டியாகச் சந்தனம்! நடுவில் குங்குமம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் வைத்ததுபோல் இதற்கும் கருப்பண்ணன் பொட்டு வைத்திருக்கிறார். பேசும் முகம் இதுதானே என்று துணியை அவிழ்த்து, வைத்து, பத்திரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார். சந்தனத் தண்ணீர் துளைகள் வழியே இறங்கி, உள்ளிருந்த கரித்துகளைக் கட்டியாக்கிவிட்டது. குரலுக்கு அசைய வேண்டியது அந்தத் துகள்தான்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே நிலைப்படியில் நிழல் தெரிந்தது. துணியைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க சாமி, என்ன கோளாறுனு தெரிஞ்சுதுங்களா?"

மைக்கின் மூடியை எடுத்துப் பொருத்தினேன்.

"நேத்து பொட்டு வெச்சேனுங்க. ஊட்ல அவளுக்குச் சொகமாவோணும்னு வேண்டிட்டு வெச்சேன். அதுல ஏதாச்சும்..."

"இல்லண்ணே. ஈரம். ஐப்பசி ஈரம் மைக்குல எறங்கிடுச்சு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"ஈரத்த யாருங்க தடுக்க முடியும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தூக்கக் காத்திருந்தவர்களோடு போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலைப்பொழுது வீணாகாமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? லாரியோடு வந்த டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது.

கோளாறு என்னவென்று கேட்டால் உள்ளதைச் சொல்வதுதான் நம் தொழில். இந்தக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், அவரிடம் சொல்லியிருப்பீர்களா?