கிழக்குக் கரையில் ஒதுங்கிய எண்ணெய்

பாலசமுத்திரத்தில் கோபிகிருஷ்ணனின் மீன்குஞ்சுக் குட்டைகளைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் செங்கம்மா. முழங்கால் ஆழத் தண்ணீர். குஞ்சு விடும்வரை அதில் மீனே கிடையாது. ஆனால் எங்கிருந்தோ பறந்து வந்து பூச்சிகள் குடியேறிவிடும். மோசமானது மல்லாந்து நீந்தும் பூச்சி. நெல்மணி அளவுதான். கால் அங்குலக் குஞ்சைக் காலால் பிடித்து, ஊசி வாயைக் குத்தி உறிஞ்சிவிடும்.

மூச்சுக்கு அது மேலே வந்தாக வேண்டும். அதனால் குஞ்சு விடுவதற்கு முதல் நாள் எண்ணெயில் சோப்பைக் கரைத்துத் தண்ணீர்மேல் தெளிப்பார்கள். எண்ணெய் மூடினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். காற்று மட்டும் அடிக்கக் கூடாது. பக்கத்துப் பண்ணைகளில்கூட இதைச் செங்கம்மாவிடம்தான் கேட்பார்கள்.

இந்த ஆவணியில் அவர் தெளித்து முடித்த அரைமணியில் மேற்குக் காற்று கிளம்பியது. எண்ணெய் முழுவதும் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கியது. காற்று அடங்கியபின் மறுபடி தெளித்திருக்க வேண்டும். குஞ்சு வருவதை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தன் கைவேலை தவறியது தெரிந்துவிடும். கோபிகிருஷ்ணனிடம் "தெளிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

காலையில் சிரஞ்சீவி ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் குஞ்சுகளைக் கொண்டுவந்தான். தொழிலுக்குப் புதியவன். பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் தண்ணீரின் சூடு சமமாகும்வரை காத்திருந்து திறந்தான்.

ஐந்தாம் நாள் செங்கம்மா வலைத்துணியால் அரித்தார். குஞ்சுகள் இல்லை, பூச்சிகள்தான் இருந்தன. கோபிகிருஷ்ணன் வருவதற்குள் அவற்றைக் கரையில் உதறிவிட்டார்.

கோபிகிருஷ்ணன் சிரஞ்சீவியை வரவழைத்துக் கத்தினார்.

"செத்த குஞ்சைக் கொட்டிட்டுப் போய்க்கினே இருக்கிற. இன்னாபா வியாபாரம் இது? எந்தப் பண்ணையிலும் உன்னைச் சேர்க்காத மாதிரி சொல்லிடுறேன்."

"உயிரோடதான் சார் விட்டேன். நீ பக்கத்துலதான இருந்த, சொல்லுக்கா."

"இருந்தேன்" என்றார் செங்கம்மா. குனிந்து வலைத்துணியைப் பிழிய ஆரம்பித்தார்.

"அக்காவே முழுங்குறாங்க பாரு" என்றார் கோபிகிருஷ்ணன்.

சிரஞ்சீவி தலைகுனிந்து பைக்கை நோக்கி நடந்தான். செங்கம்மா புடவையைச் செருகிக்கொண்டு மேற்கு ஓரத்தில் இறங்கினார். வலைத்துணியால் ஒரே இழுப்பு. வெள்ளைத் தட்டில் கொட்டியதும் ஐம்பது பூச்சிகள் மல்லாந்து துடுப்புப் போட்டன.

"தம்பி, நில்லு. சார், அன்னிக்குக் காத்து அடிச்சுது. எண்ணெய் ஒதுங்கினதைப் பாத்துக்கினே இருந்தேன். சொல்லல. அப்புறம் இதுங்களை உதறியும் மறைச்சேன்."

சிரஞ்சீவி தட்டை எட்டிப் பார்த்தான். "நல்லா துன்னு கொழுத்திருக்கானுங்க" என்று சிரித்தான். செங்கம்மாவுக்கு அந்தச் சிரிப்பு திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

கோபிகிருஷ்ணன் அவனிடம், "அடுத்த சரக்கு எப்போ?" என்றார்.

"அக்கா எண்ணெய் தெளிச்சதும் ஃபோன் பண்ணட்டும் சார்."

"வேணாம். நான் வந்து பாத்துட்டு நானே பண்றேன்."

பதினோரு வருடத்தில் எண்ணெய் தெளித்ததை அவர் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. செங்கம்மா தட்டைக் கையில் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார்.