பாயில் வைத்த சாவி

தொலைபேசியில் ஜெபம் செய்வது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமையும் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக முகங்கள். ஒருவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கிறார், அவருடைய குசினியில் குக்கர் விசில் அடிக்கிறது. என் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அந்த நேரம் மழைக்கு முந்திய காற்று யன்னலால் நுழைந்தது. சேறும் பாசியும் கலந்த வாவி மணம். அவ்வளவுதான். மனம் பல வருசம் பின்னால் போய், நான் கல்லடியில், டொரின் அன்ரியின் விறாந்தையில் இருந்தேன்.

அன்ரி பறங்கி மனுசி. வீட்டிலேயே தையல் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மெசினை மூடிவிட்டு, விறாந்தையில் பன்புல்லால் இழைத்த பாயை விரிப்பா. வாவியில் பட்ட வெயில் கூரையில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும். பாதி ஜெபமும் பாதி நித்திரையுமாக ஒரு மயக்கம் அங்கே எப்போதும் உண்டு. பாய்க்கு அப்படியொரு மணம், ஈரப் புல்லை வெயிலில் போட்டதுபோல.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பாயைச் சுற்றி உட்காருகிறவர்கள் கையில் இருப்பதையெல்லாம் நடுவில் வைத்துவிட்டு, வெறுங்கையை விரித்துத்தான் ஜெபிக்கவேண்டும். சாவி, கண்ணாடி, குடை, கைப்பை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். ஒருநாள் யாரோ சந்தையிலிருந்து உயிர் நண்டு வாங்கி வந்திருந்தார்கள். ஜெபம் நடக்க நடக்க அந்தப் பை மெல்ல மெல்லப் படியை நோக்கி நகர்ந்தது. எல்லாரும் ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு அல்லேலூயா சொன்னோம்.

சொன்னோம் என்கிறேன், நான் அப்போது பாயில் இல்லை. என் மனைவி ஸ்டெல்லாவைக் கூட்டிப்போக வந்து படியில் குந்தியிருப்பவன். பாலத்தடியில் படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். எந்த இஞ்சினும் என் கைக்கு அடங்கும் என்ற திமிர். கடைச் சாவிக்கொத்தை யாருக்காகவும் கீழே வைக்கமாட்டேன்.

பிறகு எங்கள் மகள் றோசிக்கு டெங்கு வந்தது. ஸ்டெல்லா வார்ட்டில் பிள்ளையோடு நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: "இஞ்ச நிண்டு எல்லாரோடயும் சண்ட பிடிக்காம, அன்ரி வீட்ட போய் ஜெபிச்சிட்டு வாங்க."

போனேன். பாயில் உட்கார்ந்தேன்.

"கையில என்ன மனே?" என்றா அன்ரி.

"சாவி."

"வை கீழ. ஆண்டவர் எடுத்துக்கிட்டு ஓடமாட்டார்."

நான் வைக்கவில்லை. அப்படியே ஜெபித்தேன். "ஆண்டவரே, பிள்ள யன்னலோரக் கட்டில்ல கிடக்கு. விடியக்குள்ள காய்ச்சல் விடவேணும். அந்த டொக்டர ஒழுங்கா வேல பாக்கச் சொல்லும். ஆமென்."

பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அன்ரி அடக்கவில்லை. "கடையில சாமானுக்கு ஓடர் குடுக்கிறான்கா இவன்!"

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. வார்ட்டில் நின்று ஸ்டெல்லாவிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்த நேர்ஸ் திரும்பினா. "சந்தோசப்படாதீங்க அண்ணன். டெங்குக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் பயம். இனித்தான் கவனமாப் பாக்கணும்."

பிள்ளையின் கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. நான் கேட்டு வாங்கியது இதைத்தானா? எதைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

நேரே அன்ரி வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இல்லை, அன்ரி யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெசினை மூடிப் பாயை விரித்தா. தையல் கத்தரிக்கோலையும் கண்ணாடியையும் நடுவில் வைத்தா. நான் சாவிக்கொத்தைப் பக்கத்தில் வைத்தேன். கையை விரித்தால் நகத்திடுக்கெல்லாம் கிறீஸ். இந்தக் கையால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

"ஆண்டவரே," என்றேன். கிறீஸ் பிடித்த கையைப் பார்த்தேன். "எனக்கு ஏலா."

"ஆமென்," என்றா அன்ரி.

றோசி பிழைத்தாள். இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை, தகப்பனைப்போல வாய். ஆனால் இதை நான் அற்புதம் என்று விற்கமாட்டேன். அடுத்த கட்டில் பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. அந்தத் தாயும் கையை விரித்துத்தான் இருந்தாள். அதைப்பற்றி ஆண்டவரோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. வழக்குப் பேசவும் அவரிடம்தானே போகவேண்டும், வேறு யாரிடம் போக?

அன்ரியை மகன் அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். வீடு விற்றாயிற்று. விறாந்தை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர் காற்சட்டை காயப்போடுகிறார்கள். அன்ரி இப்போது திரையில் ஒரு பெட்டி.

போன வெள்ளிக்கிழமை நான் தொலைபேசியைத் தரையில் மல்லாக்க வைத்தேன். கடைச் சாவியையும் அதன் அருகில் வைத்துவிட்டுக் கையை விரித்தேன்.

"மனே, உன்ட முகத்தக் காணல்ல. வீட்டு முகடுதான் தெரியுது," என்றா அன்ரி தரையிலிருந்து.

"ஓம் அன்ரி. கீழ வைச்சிட்டன்."

அங்கே தொலைபேசியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அன்ரியின் பெட்டியிலும் முகம் போய், வெள்ளையாக ஒரு முகடு தெரிந்தது. மற்றப் பெட்டிகளில் ஆட்கள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்கள். என் தரையில் ஒரு தொலைபேசி, ஒரு சாவிக்கொத்து. கீழே பாய் இல்லை. பக்கத்தில் இன்னொருவருடைய கண்ணாடி இல்லை, குடை இல்லை, நகர்ந்து போக ஒரு நண்டுகூட இல்லை.