பூச்சந்தையில் ரத்னா பேசினாள்

நேற்று தர்மபுரி பஸ்ஸில் முன்இருக்கைப் பெண்ணின் தலையிலிருந்து வந்த மரிக்கொழுந்து வாசம், எண்பதுகளில் நான் பார்த்த, இன்று இடிக்கப்பட்டு இல்லாமல் போய்விட்ட பெங்களூர்ப் பூச்சந்தை ஒன்றுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

என் வகுப்புத் தோழி நூர்ஜஹானின் அத்தா, தன் துணிக்கடைக்குச் சரக்கெடுக்கப் போகையில் லால்பாக் காட்டுவதாக எங்கள் மூவரையும் அழைத்துப் போயிருந்தார். மூன்றாமவள் ரத்னா. வீட்டில் கன்னடம் பேசுகிறவள். அவளுடைய தமிழைக் கேட்டு வகுப்பு சிரித்ததிலிருந்து பள்ளியில் வாயே திறக்கமாட்டாள்.

ஈரச் சாக்குகளில் குவிந்த சாமந்திக்கும் மல்லிகைக்கும் நடுவே, மிதிபட்ட இதழ்கள் காலில் ஒட்ட, வேடிக்கை பார்த்தபடி நடந்த நாங்கள் திரும்பினால் அத்தாவைக் காணவில்லை. நூர்ஜஹான் அழத் தொடங்கினாள்.

“அழுவாதடி, நான் கேக்கறேன்” என்ற ரத்னா, அத்தனை கூச்சலுக்கும் மேலாகக் குரலெடுத்து ஒரு பூக்கார அம்மாளிடம் கன்னடத்தில் வழி கேட்டாள். அந்த அம்மாள் கையிலிருந்த மரிக்கொழுந்துக் கட்டை வைத்துவிட்டு, அவள் தோளில் கைபோட்டு, அக்கா மகளிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே எங்களைச் சந்தை வாசலில் கொண்டுவந்து விட்டார். அத்தா வேர்த்துப்போய் அங்கே நின்றிருந்தார்.

“எப்படிம்மா வந்தீங்க?”

“ரத்னாதாங்க அத்தா கூட்டியாந்தா” என்றாள் நூர்ஜஹான்.

லால்பாக்கில் ரத்னா தோட்டக்காரரிடம் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் கேட்டுத் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். தடுமாறிய இடங்களில் அவளே சிரித்தாள், நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை, “பெங்களூர் போனதைப் பத்தி யார் சொல்றீங்க?” என்று டீச்சர் கேட்டார். நானும் நூர்ஜஹானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் ரத்னா எழுந்து நின்றிருந்தாள்.