தேய்த்த காசுக்குத் தரம் இல்லையாம்

கமர்நிசாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, நடக்கப் பழக்குவது, நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது இவைதான் வீட்டு நர்ஸாக என் வேலை. நாணயக் கண்காட்சிக்கு அழைத்துப் போவது அதில் சேராது. ஆனாலும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் மறுத்திருந்தால் அவர் தானே எழுந்து நடந்திருப்பார்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் முப்பத்தைந்து வருடம் காய் தரம் பிரித்தவர் கமர்நிசா. மலையிலிருந்து இறங்கி வரும் கூலிப் பெண்களிடமும் குரங்கணி ஜீப்புக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பழைய காசு சேர்த்தார். ஓட்டைக் காலணாவிலிருந்து திருவிதாங்கூர் அரை ரூபாய் வரை மொத்தம் நாற்பத்தாறு. எல்லாமே கறுத்துப் போனவை.

1994இல் ஊர் நாணயச் சங்கம் முதல் கண்காட்சி நடத்தியது. காசு அழுக்காக இருக்கிறது, மினுங்கினால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று அதன் செயலாளர் அழகுராஜா சொன்னார். கமர்நிசா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். காய்ந்த ஏலக்காயைச் சூட்டோடு சாக்கில் போட்டுத் தேய்ப்பார்கள். காம்பு உதிரும், தோல் மினுங்கும், காய் முதல் தரம் ஆகும். அதே மாதிரி காசுகளைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து, சாம்பல் போட்டு, சாக்கில் தேய்த்தார். அழகுராஜா பார்த்துவிட்டு ‘முதல் தரம்’ என்று சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதன் பிறகு எல்லாக் கண்காட்சியிலும் அவருடைய காசுகள் முன்மேசையில்தான் இருந்தன.

இந்த வருடம் அழகுராஜா வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் காசின் தரத்துக்கு எழுபதுக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரை வைக்கிறார்களாம். தேய்த்த காசில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்குமாம். அதற்கு எண்ணே கிடையாதாம். எண் இல்லாத காசுக்கு மேசையும் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் வேலையிலும் அளவு மாறுகிறது. நான் பயிற்சி எடுத்த காலத்தில் சரி என்ற இரத்த அழுத்தத்துக்கு இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்காகப் பழைய நோயாளியை யாரும் வெளியே நிறுத்துவதில்லை. அதைச் சொன்னேன். கமர்நிசா ஒரு அட்டையும் பேனாவும் கேட்டார்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலிலேயே அழகுராஜா வழி மறித்தார்.

“நிசாம்மா, சொன்னா கேளுங்க. உங்களுக்கு மேசை போடலை.”

“மேசை இல்லாட்டி என்ன தம்பி, மடி இருக்குல்ல.”

காய் பொறுக்குகிற தட்டை மடியில் வைத்து, நாற்பத்தாறு காசுகளையும் அதில் வரிசையாக அடுக்கினார். பழைய சீட்டையும் அட்டையையும் முன்னால் சாய்த்து வைத்தார். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: ‘1994இல் முதல் தரம். இப்போது தரமே இல்லை. இரண்டையும் சொன்னவர் ஒருவரே.’

ஜனங்கள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்கள். அந்த ஒருவர் யார் என்று தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு ஆள் கேட்டார். கமர்நிசா விரலை நீட்டிக் காட்டினார்.

அழகுராஜா குனிந்து மெதுவாகப் பேசினார். உள்ளே ஓரமாக ஒரு மேசை போடுவதாகவும், அட்டையில் கடைசி வரியை மட்டும் அடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

“ஏன், பொய்யா எழுதியிருக்கேன்?”

“பொய் இல்லம்மா. அப்ப தேய்மானத்தை மட்டும்தான் பாத்தோம். எழுத்து தெளிவா இருந்தா நல்ல காசு. கறை காசோட வயசு, அதை எடுக்கக் கூடாதுன்னு எனக்கே பின்னாடிதான் தெரியும்.”

“அதை என் காதுல ஏன் சொல்றீங்க? இவங்ககிட்டச் சொல்லுங்க. நான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் பேசுறாங்க. கெடுக்கச் சொன்னது யாருன்னு தெரியட்டும்.”

அவர் சொன்னார். முதலில் முணுமுணுத்தார், பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரை வைத்த ஒரு காசை எடுத்து வந்து, கமர்நிசாவின் காசுக்குப் பக்கத்தில் பிடித்து, கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் காட்டினார். மினுங்கட்டும் என்று தானே சொன்னதையும் சொன்னார். பூதக்கண்ணாடிக்கு வரிசை நின்றது.

ஒரு மணிக்கு ஓர மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கமர்நிசா அதை ஓரத்தில் போட விடவில்லை, வாசலுக்கு நேராகப் போடச் சொன்னார். அட்டையில் ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. அழகுராஜாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

“அஞ்சு மணிக்குத்தான் மூடுவாங்க கருத்தம்மா. மாத்திரையை இங்கயே குடு.”

கொடுத்தேன். நாற்காலிச் சக்கரத்தின் பூட்டையும் போட்டேன்.