படமரத்தின் மேல் போட்ட பழி

மார்பில் கட்டியோடு காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் யாராவது படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம், என் அக்கா கமலாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா பட்டுத்தறி நெய்பவள். ஜரிகைக் கரையைப் பார்க்கக் குனியும்போதெல்லாம், நெய்த சேலை சுருண்டிருக்கும் படமரம் அவள் மார்பில் அழுந்தும். இடது மார்பில் எலுமிச்சை அளவில் கட்டி தெரிந்தபோது, தறிக்காரர்கள் நாங்கள் வேறென்ன நினைப்போம்? மரம் அழுத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்றேன், பெரிய மேதாவி நான். பழந்துணியில் ஒரு திண்டு தைத்து, மார்புக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். வலி இல்லாததால் அவளும் நெய்துகொண்டே இருந்தாள். ஆறே மாதத்தில் கட்டி தேங்காய் அளவாகிவிட்டது. உள்ளூர் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார். புற்றுதான் என்று நாங்களே முடிவுகட்டி அழுதோம்.

காலை ஐந்து மணி பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டரை ரூபாய் (சிரிக்காதீர்கள், அன்றைக்கு அதுதான்). எட்டு மணிக்குப் பாரிமுனையில் இறங்கினோம். வழி முழுக்க அக்கா முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷாக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பள்ளம் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார், புண்ணியவான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் கட்டியில் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. புற்று இல்லை, அபூர்வமாக வரும் வேறு கட்டி என்றார். ஆனால் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து எடுக்காவிட்டால் திரும்ப வளருமாம். கட்டி இவ்வளவு பெரிதாகிவிட்டதால் மார்பையே எடுக்க வேண்டுமாம். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் மார்பு தப்பியிருக்கும் என்றார். தறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அறுவை முடிந்து, தையல் பிரித்து, மதிய பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அக்கா மெல்லப் பேசினாள்.

"உசுரு இருக்குது, அழாதன்றாங்க எல்லாரும். நீயும் அதையே சொல்லிக்கினு இருக்குற. என் மாரு போச்சுடி. அதுக்கு நான் எப்ப அழுவறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊர் வரும்வரை அழுதாள்.

போகிறவர்களுக்கு: கட்டி தெரிந்த வாரமே போய்விடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முன்பக்கம் கொக்கி வைத்த தளர்வான ரவிக்கை குறைந்தது மூன்று வேண்டும். அறுவைக்குப் பிறகு கையைத் தூக்க முடியாது. கூடப் போகிறவர்கள், புற்று இல்லை என்று தெரிந்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். 'அதான் ஒண்ணுமில்லையே' என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். நான் பதினைந்து நாள் சொன்னேன்.