ஒரு முனை குட்டையான நட்சத்திரம்

என்னிடம் நூற்று நாற்பத்து மூன்று கோலி சோடா பாட்டில்கள் இருந்தன. என் மனைவியைக் கேட்டால் ஆயிரம் என்பாள். அண்ணாமலை நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு அடியில் நான்கு மரப்பெட்டி. எல்லாம் பாட்டில். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் ஒரு தடவை எண்ணாவிட்டால் அன்றைக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

பாட்டிலுக்கு வயது சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை. கண்ணாடிக்குள் குமிழிகள் அதிகமென்றால் பழசு. வாய் விளிம்பு கோணலாக இருந்தால் கையால் ஒட்டியது, அது இன்னும் பழசு. கடைப் பெயருக்குக் கீழே டெலிபோன் நம்பர் இருந்தால் இலக்கங்களை எண்ண வேண்டும். இலக்கம் குறையக் குறைய வயது கூடும். தோள் தேய்ந்து வெளுத்திருந்தால், பெட்டிக்குள் மற்ற பாட்டில்களோடு உரசிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று என் மனைவிக்கும் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

போன மார்கழியில் ஒரு நாள் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போகிக்குள்ள எங்கப்பா பாட்டில் இந்த வீட்டுக்கு வரணும். வரலன்னா உங்க பாட்டில் அத்தனையும் காயலான் கடைக்குப் போவும்."

என் மாமனார் கடலூர் முதுநகரில் சோடாக் கடை வைத்திருந்தவர். அவர் கடைப் பெயர் பதித்த பாட்டில்களில் மிச்சம் ஒன்றே ஒன்று. அது அவர் மகன், அதாவது என் மச்சான் வீட்டு சாமி அறையில் குங்குமப் பொட்டோடு இருந்தது. பெயருக்கு மேலே ஒரு நட்சத்திரம். அதன் ஐந்து முனைகளில் ஒன்று மட்டும் குட்டை.

சண்டை அந்த நட்சத்திரத்தால்தான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அப்பா நட்சத்திரம் வைத்துப் புது பாட்டில் போட்டார் என்பதில் அக்காவும் தம்பியும் ஒரே கட்சி. எந்தப் பிள்ளை என்பதில் வேறு வேறு கட்சி. "அப்ப வீட்டுல அஞ்சு பேரு. குட்ட முனை நான்" என்பாள் இவள். வார்த்தை மாறாமல் அவனும் அதையே சொல்வான். நான் சரிபார்த்தேன். பாட்டி இரண்டு கணக்கிலும் உண்டு. இவள் பிறந்தபோது அவர்களுடைய தாத்தா இருந்தார். ஆறு வருஷம் கழித்து அவன் பிறந்தபோது அவர் இல்லை. இரண்டு கணக்கிலும் ஐந்துதான் வருகிறது.

பூதக்கண்ணாடி, டார்ச், இஞ்ச் டேப், சமையலறைத் தராசு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடலூர் போனேன். மச்சான் பாட்டிலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், ஆனால் அதை விட்டுவிட்டு நகர மனசில்லாமல் பக்கத்திலேயே நின்றான்.

"பாத்து வயசு சொல்லுங்க மாமா. அக்கா வயசுன்னா எடுத்துட்டுப் போங்க. என் வயசுன்னா இந்தப் பேச்சே அப்புறம் கூடாது."

"சும்மா இரு மச்சான். பாட்டில் வழுக்குது."

"பாட்டில் விழுந்துச்சுன்னா நீங்களும் இங்கயே இருக்க வேண்டியதுதான். அக்கா உள்ள விடாது."

ஒரு மணி நேரம் பார்த்தேன். குமிழி எண்ணினேன், எடை போட்டேன். என்ன செய்தாலும் பத்து வருஷம் முன்பின் வருகிறது. பத்து வருஷம் தப்பும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஆறு வருஷத்தை எப்படி அளப்பது? சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

நான்கு நாள் கழித்து கீரப்பாளையத்தில் ஒரு காயலான் கடையில் அலுமினியச் சட்டிகளுக்கு அடியில் ஒரு பாட்டில் கிடைத்தது. முந்திரிக் காடு சூழ்ந்த காடாம்புலியூர்ப் பக்கத்து ஏதோ சோடாக் கடையின் பெயர். பெயருக்கு மேலே நட்சத்திரம். ஒரு முனை குட்டை.

அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். முந்திரிக் காட்டு சோடாக்காரருக்கு என் மாமனார் வீட்டில் யார் பிறந்தால் என்ன, பிறக்காவிட்டால் என்ன. அது கண்ணாடிக் கம்பெனிக்காரன் தன் பாட்டிலுக்கெல்லாம் போட்ட அடையாளம். அவன் அச்சில் ஒரு முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபடி கடலூர். மஞ்சப்பையிலிருந்து அதை எடுத்து மச்சானுடைய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நட்சத்திரத்தையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சிடும்."

"பின்ன என்ன சொல்றது?"

"அக்கா வயசுதான்னு சொல்லிடுங்க. எடுத்துட்டுப் போங்க." குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்தான். அப்புறம் கொஞ்சம் தெம்பு வந்து, "இந்த வருஷம் பொங்கல் வரிசை இதுதான். கரும்பு, மஞ்சள்னு வாசல்ல எதிர்பாக்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றான்.

வீட்டில் மனைவி பாட்டிலை வாங்கிக் குழாயடியில் கழுவினாள். அப்பா கடைப் பெயரை எழுத்து எழுத்தாகத் துடைத்தாள். சாய்த்து, கோலி உருளும் சத்தத்தைக் கேட்டாள்.

"உன் வயசுதான்" என்றேன், பாடம் ஒப்பிப்பதுபோல.

சிரித்தாள். "நட்சத்திரமா? அது பாட்டில் கம்பெனிக்காரன் போட்டது. வேற கடை பாட்டிலும் எங்ககிட்ட வந்து கலந்துடும். கழுவுறப்ப பாப்பன், பாதியில இதே நட்சத்திரந்தான் இருக்கும். தம்பி சின்னதுல சோடா கேட்டு அழுவான். குடுத்தா சளி புடிக்கும். காலி பாட்டிலக் கையில குடுத்து, இது நீ பொறந்ததுக்கு அப்பா போட்டதுடான்னேன். வாய மூடிட்டான்."

"அப்ப உன் வயசுன்னு இத்தனை வருஷமா ஏன் சண்டை போட்ட?"

"பாட்டில் வேணுமே. அப்பா பேரு அதுலதான இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. மனசு ஒடஞ்சிடும்."

கீரப்பாளையத்துப் பாட்டிலோடு மஞ்சப்பை என் கக்கத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சரக்கு. வெளியே வைத்தால், அவர்கள் கணக்குப்படி இரண்டு மனசு உடையும். அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். எண்ணும்போது அதைச் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் தினமும் திண்டாடினேன்.

போகியன்று காலை மச்சான் வந்தான். வரிசை இல்லை என்றவன், கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் பூசணிக்காயுமாக வந்து நின்றான். உட்கார்ந்ததும் என் காதருகே, "அந்த இன்னொரு பாட்டில எங்க மாமா வச்சிருக்கீங்க?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தாள். போகிக்கு டிரம்மைக் காலி செய்து துடைத்திருக்கிறாள். கையில் பாட்டில். அரிசித் தவிடு ஒட்டிய நட்சத்திரம் மேலே தெரிந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். முதலில் வாய் திறந்தவன் மச்சான்.

"டூப்ளிகேட்டுக்கா. எவனோ அப்பா நட்சத்திரத்தக் காப்பி அடிச்சிருக்கான்."

"ஆமாண்டா. பாத்தாலே தெரியுது" என்றாள் அவள் உடனே. "மொனை கூட சரியா இல்ல பாரு."

"மாமா நல்லா ஏமாந்துட்டாரு."

"இவர யாரு ஏமாத்தல? பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தா மட்டும் போதுமா?"

இருவரும் சேர்ந்து என்னைத் திட்டி முடித்தபோது சாப்பாடு தயாராகியிருந்தது. சாப்பிட்ட பிறகு மனைவியே அந்தப் பாட்டிலைத் துடைத்து இரண்டாவது அலமாரியில், கீழ்த் தட்டு மூலையில் வைத்தாள். "போலின்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க. பாக்க வர்றவங்க ஏமாறக் கூடாது."

எழுதி ஒட்டினேன். அப்புறம், எங்கள் சாமி அறைக்குப் போய்விட்ட மாமனார் பாட்டிலை விட்டுவிட்டு எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கு, போலி ஒன்று உட்பட.